எக்செல் செல்லுக்குள் ஃபைலின் ஜாதகம்

ஒரு ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் என்பதைத் தேர்வு செய்தால் சிறியதாக ஒரு விண்டோ தோன்றும். ஃபைலின் பெயர், எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை கேபி, எப்போது உருவானது, எப்போது மாற்றப்பட்டது என்று வரிசையாகத் தகவல்கள் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அளவை மட்டும் பார்த்துவிட்டு ஓகே கொடுத்து மூடிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ. முடித்து, சென்னையில் ஆறு வருடங்களாக மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். இருந்தும், அந்த விண்டோவில் இருக்கும் தேதிகளில் எதை நம்ப வேண்டும் என்பதை 2024 பிப்ரவரியில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவர் நான் இல்லை. அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் ஒரு அக்கா.

அந்தப் பிழையைச் சரிசெய்யப் போய் எழுதிய சில சின்ன மேக்ரோ ஃபங்ஷன்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஃபைலின் தேதி, அளவு போன்ற விவரங்களை ஒர்க்ஷீட்டின் செல்லுக்குள்ளேயே கொண்டுவந்து காட்டும் ஃபங்ஷன்கள் அவை. நான்கைந்து வரிகளுக்கு மேல் இல்லை. மேக்ரோ என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுபவர்களும் தைரியமாகத் தொடரலாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா திண்டுக்கல்லில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் எல்லோருக்கும் இன்றைக்கும் 'டீச்சர்'தான். குழுவின் உள்கடன் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை எக்செலுக்கு மாற்றியது நான். "ரெண்டு இடத்துல எழுதினா குழப்பம் வரும்மா, நோட்டை விட்டுடுங்க" என்று சொன்னதும் நான்தான். கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு ஒர்க்புக், மொத்தம் 11 ஃபைல்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம். தவணை வாங்கியதும் அம்மா பதிவு செய்வார்; அடுத்த கூட்டத்திற்கு முன்பு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவார்.

2024 பொங்கல் அன்று பழைய கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் புது லேப்டாப்பிற்கு மாற்றிக் கொடுத்தேன். 10 ஃபைல்களுக்கு ஒரே பிரதிதான் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் ஒரே பெயரில் இரண்டு பிரதிகள், வேறு வேறு ஃபோல்டர்களில். எது புதியது என்று பிராப்பர்ட்டீஸில் பார்த்தேன். கிரியேட்டட் என்ற இடத்தில் ஒன்றில் 15-1-2024 காலை 11.20, இன்னொன்றில் அதே நாள் 11.42. பின்னது புதியது என்று முடிவு செய்து, "இதையே வச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கரும்பு கடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4 கூட்டத்தில் அம்மா பிரிண்ட்டைப் பார்த்து வாசித்தார். நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று தவணைகள் வரவில்லை, தவணைக்கு ரூ.600 வீதம் ரூ.1,800 பாக்கி. அந்த அக்கா எழுந்து, "நான் கட்டிட்டேன் டீச்சர், உங்க கையிலதான் குடுத்தேன்" என்றார். அம்மாவுக்கும் வாங்கியதுபோல ஒரு ஞாபகம். ஆனால் தாள் வேறு சொல்கிறது. 11 பேரிடம் மாதாமாதம் வாங்குகிறவருக்கு யார் எந்த மாதம் கொடுத்தார்கள் என்று எப்படி நினைவிருக்கும்? யாரோ ஒருவர், "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?" என்று கேட்டிருக்கிறார். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த அக்கா கேட்டிருந்த அடுத்த கடனும் பாக்கியைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. அன்று இரவு அம்மா போனில் பேசியபோது குரல் சரியாக இல்லை.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போய் இரண்டு ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்த ஃபைல், மாடிஃபைட் 2-10-2023. நான் ஒதுக்கிய ஃபைல், மாடிஃபைட் 8-1-2024. ஒதுக்கிய ஃபைலில் மூன்று தவணைகளும் அழகாகப் பதிவாகியிருந்தன.

என்ன நடந்தது? விண்டோஸில் ஒரு ஃபைலை வேறு இடத்திற்குக் காப்பி செய்யும்போது, புதிய பிரதியின் கிரியேட்டட் தேதி என்பது காப்பி செய்த நேரம். மாடிஃபைட் தேதியோ மூல ஃபைலில் இருந்தது அப்படியே வந்துவிடும். அதாவது கிரியேட்டட் என்பது அந்தக் கணக்கு பிறந்த நாள் அல்ல. அந்தப் பிரதி அந்த டிஸ்க்கில் வந்து இறங்கிய நாள். எந்த ஃபோல்டரைப் பிறகு காப்பி செய்தேனோ அதில் இருந்த ஃபைல் எனக்குப் 'புதியதாக'த் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே திருத்தப்பட்ட ஃபைல் ஒன்று கண் முன்னால் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலையே அம்மாவோடு அந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சரியான பிரிண்ட்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "தம்பி, போன வாரம் படிச்ச தாளும் இப்படித்தான இருந்துச்சு. இதுதான் சரின்னு நான் எதை வச்சு நம்புறது?"

நியாயமான கேள்வி. இரண்டு பிரிண்ட்டுகளிலும் ஒரே தலைப்பு, ஒரே கட்டங்கள். எந்த ஃபைலில் இருந்து, எந்த நாளில் சேமித்த கணக்கு என்று தாளில் எந்த அடையாளமும் இல்லை. ஃபைலின் ஜாதகம் ஃபைலோடு பிரிண்ட்டிலும் வந்தால்தானே அவரால் நம்ப முடியும்?

மேக்ரோ இல்லாமல் கிடைக்கும் ஒரு வசதியை முதலில் பார்ப்போம். ஏதாவது ஒரு செல்லில் =செல்("ஃபைல்நேம்",ஏ1) என்று கொடுத்தால், ஃபைல் இருக்கும் முழுப் பாதையும் ஃபைல் பெயரும் ஷீட்டின் பெயரும் அந்த செல்லில் தோன்றும். (இந்தக் கட்டுரையில் ஆணைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில், சேர்த்து எழுதியிருப்பதைச் சேர்த்தும் பிரித்து எழுதியிருப்பதைப் பிரித்தும் அடியுங்கள்.) அந்த ஏ1 என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டால், கடைசியாக எந்த ஷீட்டில் மாற்றம் செய்தீர்களோ அந்த ஷீட்டின் பெயரைக் காட்டி ஏமாற்றும். இன்னும் ஒருமுறைகூட சேவ் செய்யாத ஒர்க்புக்காக இருந்தால் செல் காலியாக இருக்கும்.

பேஜ் செட்டப்பில் கஸ்டம் ஃபுட்டர் பகுதியிலும் ஃபைல் பெயர், தேதி ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஆனால் அங்கே வரும் தேதி பிரிண்ட் எடுக்கும் நாளின் தேதி. அக்டோபரில் நின்றுபோன கணக்கை பிப்ரவரியில் பிரிண்ட் எடுத்தால் பிப்ரவரி தேதியோடு பளிச்சென்று வரும். நம் பிரச்சினைக்கு இது உதவாது என்பதோடு, பொய்க்குச் சாட்சி சொல்வது போலவும் ஆகிவிடும். நமக்கு வேண்டியது கடைசியாக சேவ் செய்த நேரம். அதைத் தரும் ஃபார்முலா எக்செலில் இல்லை. நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒர்க்புக்கைத் திறந்துகொண்டு ஆல்ட், எஃப்11 கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். விஷுவல் பேசிக் எடிட்டர் திறக்கும். அதில் இன்சர்ட் மெனுவில் மாட்யூல் என்பதை கிளிக் செய்யுங்கள். வெள்ளையாக ஒரு பகுதி தோன்றும். அதில் கீழே உள்ளதை டைப் செய்யுங்கள்.

ஃபங்ஷன் சேவ்டைம்()
அப்ளிகேஷன்.வாலடைல்
சேவ்டைம் = திஸ்ஒர்க்புக்.பில்ட்இன்டாக்குமெண்ட்பிராப்பர்ட்டீஸ்("லாஸ்ட் சேவ் டைம்").வேல்யூ
எண்ட் ஃபங்ஷன்

அவ்வளவுதான். எடிட்டரை மூடிவிட்டு, ஒரு செல்லில் =சேவ்டைம்() என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 45326.4375 என்பது போல ஏதோ ஒரு எண் வந்தால் பதறாதீர்கள். எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1-லிருந்து நாட்களாக எண்ணி வைத்திருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒரு நாளின் பின்னம். மேலே சொன்ன எண் 4-2-2024 காலை 10.30. செல்லை ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் போய், கஸ்டம் பகுதியில் நாள், மாதம், வருடம், நேரம் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மாதத்தை எண்ணாக வைக்காமல் எழுத்தாக, அதாவது மூன்று 'எம்' போட்டு அமைப்பது நல்லது. புது லேப்டாப்களில் ரீஜன் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 5-11 என்பது நவம்பர் 5-ஆ, மே 11-ஆ என்று தெரியாமல் திண்டாட வேண்டி வரும். செல்லில் ##### என்று வந்தால் காலத்தின் அகலம் போதவில்லை, இழுத்து அகலப்படுத்துங்கள்.

#நேம்? என்று பிழை வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஃபங்ஷனை மாட்யூலில் எழுதாமல், இடது பக்கம் தெரியும் ஷீட்1 அல்லது திஸ்ஒர்க்புக் என்பதற்குள் எழுதியிருப்பீர்கள். வெட்டி மாட்யூலில் ஒட்டுங்கள். இன்னொரு விஷயம், ஃபைலை சேவ் செய்யும்போது வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேவ் செய்தால் மேக்ரோ போய்விடும். எக்செல் 2007 முதல் மேக்ரோ உள்ள ஒர்க்புக்குக்கு எக்ஸ்எல்எஸ்எம் என்ற தனி வகை இருக்கிறது. சேவ் ஆஸ் போய் அதைத் தேர்வு செய்யுங்கள்.

அதே ஃபங்ஷனில் "லாஸ்ட் சேவ் டைம்" என்ற இடத்தில் "லாஸ்ட் ஆத்தர்" என்று கொடுத்தால் கடைசியாக சேவ் செய்தவர் பெயரும், "கிரியேஷன் டேட்" என்று கொடுத்தால் ஒர்க்புக் முதன்முதலில் உருவான தேதியும் கிடைக்கும். "லாஸ்ட் பிரிண்ட் டேட்" என்பதும் உண்டு. ஒருமுறைகூடப் பிரிண்ட் எடுக்காத ஃபைலில் அது #வேல்யூ! என்று பிழை காட்டும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பிராப்பர்ட்டீஸ் விண்டோவின் முதல் பக்கத்தில் விண்டோஸ் காட்டும் கிரியேட்டட் தேதியும், இந்த ஃபங்ஷன் காட்டும் கிரியேஷன் டேட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் காட்டுவது டிஸ்க்கில் ஃபைலின் பெயரோடு எழுதிவைத்திருக்கும் தேதி. எக்செல் காட்டுவது ஃபைலுக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும் தேதி. தபாலில் வரும் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் தபால் ஆபீஸ் முத்திரைத் தேதி இருக்கும். உள்ளே கடிதத்தின் மூலையில் எழுதியவர் போட்ட தேதி இருக்கும். உறை மாறினால் முத்திரை மாறும், உள்ளே இருக்கும் தேதி மாறாது. ஃபைலை மெயிலில் அனுப்பி ஒருவர் டவுன்லோடு செய்யும்போது பெரும்பாலும் வெளித்தேதிகள் எல்லாம் டவுன்லோடு செய்த நேரத்துக்கு மாறிவிடும். உள்தேதி அப்படியே இருக்கும். பிரிண்ட்டில் போடுவதற்கு அதனால்தான் உள்தேதியை எடுத்தேன்.

அடுத்த தேவை, ஃபைல்களைத் திறக்காமலேயே எல்லாப் பிரதிகளின் விவரங்களையும் ஒரே பட்டியலில் பார்ப்பது. லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இருக்கும்போது எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இதற்குக் கணக்கு ஃபைலைத் தொடாமல் தனியாக ஒரு ஒர்க்புக் திறந்துகொள்ளுங்கள். ஏ காலத்தில் ஃபைல்களின் முழுப் பாதை வர வேண்டும். கையால் டைப் செய்யத் தேவையில்லை. ஃபைலைத் தேர்வு செய்து, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் காப்பி ஆஸ் பாத் என்று ஒன்று இருக்கும். அதை கிளிக் செய்து செல்லில் பேஸ்ட் செய்யலாம். பாதையின் இரு பக்கமும் மேற்கோள் குறிகளும் சேர்ந்து வரும், அவற்றை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் ஃபங்ஷனுக்கு ஃபைல் கிடைக்காது.

விபிஏவில் இதற்கென்றே ஃபைல்டேட்டைம், ஃபைல்லென் என்று இரண்டு ஆணைகள் இருக்கின்றன. நானும் முதலில் அவற்றைத்தான் பயன்படுத்தினேன். என் சோதனை ஃபைல்களில் ஒழுங்காக வேலை செய்தது. அம்மாவின் ஃபைல்களில் மட்டும் வரிசையாக #வேல்யூ!, #வேல்யூ!. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, அம்மா ஃபைல் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறார்! இந்தப் பழைய ஆணைகள் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்து முறையில்தான் ஃபைல் பெயரைப் படிக்கும். அந்த முறையில் விண்டோஸில் தமிழுக்கு இடமே கிடையாது. விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். ஆகவே தமிழ்ப் பெயர் அந்த ஆணைகளுக்கு வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். விஷுவல் பேசிக் எடிட்டருக்குள் தமிழில் எதையாவது பேஸ்ட் செய்து பாருங்கள், கேள்விக்குறிகள்தான் தெரியும். தமிழில் ஃபைல் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். குறை பெயரில் இல்லை, ஆணையில் இருக்கிறது. மாற்று வழி இதோ.

ஃபங்ஷன் மாடிஃபைட்டைம்(பாத் ஆஸ் ஸ்ட்ரிங்)
டிம் எஃப்எஸ் ஆஸ் ஆப்ஜெக்ட்
செட் எஃப்எஸ் = கிரியேட்ஆப்ஜெக்ட்("ஸ்கிரிப்டிங்.ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்")
மாடிஃபைட்டைம் = எஃப்எஸ்.கெட்ஃபைல்(பாத்).டேட்லாஸ்ட்மாடிஃபைட்
எண்ட் ஃபங்ஷன்

ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்பது விண்டோஸோடு வரும் ஒரு துணைப்பொருள். இதற்குத் தமிழ்ப் பெயர் ஒரு பிரச்சினையே இல்லை. ஃபைலின் பெயர் மேக்ரோவுக்குள் இல்லாமல் செல்லில் இருப்பதால் எடிட்டரின் கேள்விக்குறித் தொல்லையும் இல்லை. இப்போது பி2 செல்லில் =மாடிஃபைட்டைம்(ஏ2) என்று கொடுத்துக் கீழே இழுத்துவிடுங்கள். இதே ஃபங்ஷனைக் காப்பி செய்து, பெயரை மாற்றி, கடைசிச் சொல்லை டேட்கிரியேட்டட் என்று மாற்றினால் உருவான தேதி. சைஸ் என்று மாற்றினால் பைட் கணக்கில் அளவு, 1024-ஆல் வகுத்தால் கேபி. பென் டிரைவைச் செருகாதபோது அதன் வரியில் பிழை வரும். =இஃப்எர்ரர்(மாடிஃபைட்டைம்(ஏ2),"ஃபைல் இல்லை") என்று எழுதிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். செல்லுக்குள் தாராளமாகத் தமிழில் எழுதலாம், அங்கே கேள்விக்குறி வராது.

பி காலத்தில் மாடிஃபைட், சி காலத்தில் கிரியேட்டட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி2-ல் =இஃப்(சி2>பி2,"தொடாத நகல்","") என்று கொடுங்கள். உருவான தேதி திருத்திய தேதிக்குப் பிறகு இருந்தால், காப்பி செய்ததிலிருந்து யாரும் அதில் எதையும் சேவ் செய்யவில்லை என்று பொருள். பொங்கல் அன்று எனக்கு இந்த ஒரு காலம் இருந்திருந்தால் போதும். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, அந்தச் சொல் வராத ஃபைல்தான் மூலம் என்று எண்ணிவிடாதீர்கள். நகலைத் திறந்து ஒருமுறை சேவ் செய்தாலே அந்த அடையாளம் போய்விடும்.

பென் டிரைவ் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் மாடிஃபைட் நேரம் இரண்டு விநாடிகளுக்கு ஒருமுறைதான் பதிவாகும். அதனால் ஒரே ஃபைல் லேப்டாப்பில் 10.30.15 என்றும் பென் டிரைவில் 10.30.16 என்றும் காட்டலாம். இரண்டு செல்களும் சமமா என்று நேரடியாக ஒப்பிட்டால் இல்லை என்றுதான் விடை வரும். வித்தியாசம் இரண்டு விநாடிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள், எனவே 2/86400 என்பதோடு ஒப்பிட வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பெருமையாகச் சென்னை திரும்பினேன். ஏப்ரலில் அம்மாவிடமிருந்து போன்.

"டேய், உன் பட்டியல்ல பென் டிரைவ்ல இருக்கறதுதான் புதுசுன்னு காட்டுது. ஆனா அதுல மார்ச் மாசத் தவணையோட நிக்குது. இந்த மாசம் நான் எழுதினதைக் காணோம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடியுமா? இந்த முறை குற்றவாளி என் மேக்ரோவேதான். சேவ்டைம் ஃபங்ஷனில் அப்ளிகேஷன்.வாலடைல் என்று ஒரு வரி இருக்கிறதல்லவா? ஒர்க்புக்கைத் திறக்கும்போதும், எந்த செல்லை மாற்றினாலும் இந்த ஃபங்ஷனைப் புதிதாகக் கணக்கிடு என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் செல் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் திறந்தவுடன் கணக்கிடுவதால், ஏதோ மாறிவிட்டது என்று எக்செல் முடிவு செய்துவிடும். நீங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் மூடினாலும் மாற்றங்களை சேவ் செய்யவா என்று கேட்கும். அம்மா சந்தேகம் தீர்க்க பென் டிரைவில் இருந்த மார்ச் மாதப் பிரதியைத் திறந்து பார்த்திருக்கிறார். மூடும்போது கேள்வி வந்ததும் பழக்கத்தில் சேவ் கொடுத்திருக்கிறார். அந்த நொடியில் வெளித்தேதியும் மாறியது, உள்தேதியும் மாறியது. தேதியைக் காட்டுவதற்காக நான் எழுதிய ஃபங்ஷனே தேதியைக் கெடுத்துவிட்டது!

வாலடைல் வரியை நீக்கிவிடுவது ஒரு வழி. அப்படிச் செய்தால் பிரிண்ட் எடுக்கும் முன்பு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தி எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். அம்மா அதை மறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். எனவே வாலடைலை வைத்துக்கொண்டு, எடிட்டரில் இடது பக்கம் உள்ள திஸ்ஒர்க்புக் என்பதை டபுள் கிளிக் செய்து இதைச் சேர்த்தேன்.

பிரைவேட் சப் ஒர்க்புக்_ஓப்பன்()
திஸ்ஒர்க்புக்.சேவ்டு = ட்ரூ
எண்ட் சப்

ஒர்க்புக் திறந்ததும், இதில் சேவ் செய்ய வேண்டிய மாற்றம் எதுவும் இல்லை என்று எக்செலிடம் சொல்லிவிடுகிறோம். இனி வெறுமனே பார்த்துவிட்டு மூடினால் கேள்வி வராது. உண்மையாகவே எதையாவது மாற்றினால் மட்டும் கேட்கும். பட்டியல் ஒர்க்புக்கில் உள்ள ஃபங்ஷன்களில் வாலடைல் வரி கிடையாது. அங்கே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்9 அழுத்தித்தான் புதுப்பிக்க வேண்டும். அதை அழுத்துவது நான் என்பதால் பரவாயில்லை.

கணக்கு ஷீட்டிலும் சேவ்டைம் செல் உடனுக்குடன் மாறாது என்பதைக் கவனியுங்கள். சேவ் செய்வதற்கு முன்பு கணக்கிட்ட நேரம்தான் செல்லில் நிற்கும். சேவ் செய்த பிறகு எஃப்9 ஒருமுறை அழுத்திவிட்டுப் பிரிண்ட் கொடுங்கள். அல்லது மூடித் திறந்து பிரிண்ட் கொடுங்கள். அம்மா செய்வது இரண்டாவது.

இதற்குப் பிறகும் சேவ் செய்த தேதியை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. சேவ் செய்தது எப்போது என்பது வேறு, கணக்கு எது வரைக்கும் எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறு. அதனால் அடிவரியில் இன்னொரு செல் சேர்த்தேன். தவணைத் தேதிகள் உள்ள காலத்துக்கு =மேக்ஸ்(பி5:பி40). மேக்ரோ எதுவும் இல்லை, சாதாரண ஃபார்முலா. ஆனால் பென் டிரைவ் பிரதியை முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது இதுதான். இப்போது அம்மாவின் பிரிண்ட்டில் கடைசி வரி இப்படி வருகிறது: ஃபைலின் பெயரும் இடமும், கடைசிப் பதிவு எந்தத் தேதி, கடைசியாக சேவ் செய்தது எந்தத் தேதி எத்தனை மணி. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் பிரிண்ட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அம்மா நோட்டுப் புத்தகத்தையும் மறுபடி எடுத்துவிட்டார். நான் மறுப்புச் சொல்லவில்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. மேக்ரோ ஓடவில்லை என்றதும் சிலர் எக்செல் ஆப்ஷன்ஸில் டிரஸ்ட் சென்டர் போய், எல்லா மேக்ரோக்களையும் அனுமதி என்பதை கிளிக் செய்துவிடுவார்கள். வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம் அது. அதற்குப் பதிலாக அதே டிரஸ்ட் சென்டரில் டிரஸ்டட் லொக்கேஷன்ஸ் என்ற பகுதியில் உங்கள் கணக்கு ஃபோல்டரை மட்டும் சேர்த்துவிடுங்கள். அங்கிருந்து திறக்கும் ஃபைல்களின் மேக்ரோ மட்டும் தடையில்லாமல் ஓடும். இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் தானாகவே தடுக்க ஆரம்பித்தது, அது நல்லதற்குத்தான். போனில் உள்ள எக்செலில் மேக்ரோ ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்கள் வருந்த வேண்டாம். அதன் கால்க்கில் டூல்ஸ், மேக்ரோஸ் வழியாக பேசிக் எடிட்டரைத் திறந்து இதேபோல ஃபங்ஷன் எழுதலாம். அங்கே திஸ்ஒர்க்புக்குக்குப் பதில் திஸ்காம்போனண்ட்; அதன் டாக்குமெண்ட்பிராப்பர்ட்டீஸ் என்பதற்குள் மாடிஃபிகேஷன்டேட், மாடிஃபைட்பை ஆகியவை இருக்கின்றன. வருடம், மாதம், நாள் எல்லாம் தனித்தனியாக வரும் என்பதால் டேட்சீரியல் ஆணையால் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடிட்டிங்சைக்கிள்ஸ் என்று ஒன்றும் உண்டு, அந்த ஃபைல் எத்தனை முறை சேவ் ஆகியிருக்கிறது என்ற எண்ணிக்கை. எக்செலிலும் இது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கடைசியாக ஒன்று. இந்தத் தேதிகள் எல்லாமே உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்படுபவை. பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு மேக்ரோ எழுதலாம்.

தள்ளிவைக்கப்பட்ட கடனை மார்ச் கூட்டத்திலேயே கொடுத்துவிட்டார்கள். மே மாதக் கூட்டத்திற்கு நானும் ஊரில் இருந்தேன். தாள்களைக் கொடுக்கும் வேலையை அம்மா என்னிடம் விட்டிருந்தார். அந்த அக்கா தன்னுடைய தாளை வாங்கியதும் தொகையைப் பார்க்கவில்லை. தாளின் அடியில் இருந்த வரியை விரல் வைத்துப் படித்தார், தேதியைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒருமுறை சரிபார்த்தார். அதன் பிறகுதான் மேலே பார்த்தார். "தம்பி, இந்தக் கடைசி வரியை இன்னும் கொஞ்சம் பெருசா அடிச்சுக் குடு, கண்ணாடி இல்லாம தெரிய மாட்டேங்குது" என்றார். அன்று மாலை 11 ஃபைல்களிலும் அந்த வரியின் எழுத்தை 9-லிருந்து 14-ஆகப் பெரிதாக்கினேன்.